கடிக்கும் நாய்க்கு உரிமையாளர் யார்?

உந்துவப் போயா நாளில் தொடங்கி வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் நல்லதண்ணியின் கடைவீதி இரவிலும் உறங்குவதில்லை. ஹட்டனிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து, மஸ்கெலியாவையும் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தையும் கடந்து வரும் யாத்திரிகர்களை நம்பிக் கடைகள் முளைக்கின்றன. கடைகளின் எச்சிலை நம்பி நாய்கள் சேர்கின்றன. பருவகாலம் முடிந்ததும் யாத்திரிகர்கள் போய்விடுகிறார்கள், கடைகள் மூடப்படுகின்றன, நாய்கள் மட்டும் தங்கிவிடுகின்றன. பசி அவற்றைச் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் லயன்களை நோக்கித் தள்ளுகிறது. அங்கே ஏற்கனவே வீட்டு நாய்களும், நாலு வீட்டில் சோறு தின்னும் பொது நாய்களும், எவருக்கும் சொந்தமில்லாத கட்டாக்காலி நாய்களும் இருக்கின்றன. விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்கு நடக்கும் பெண்ணும், தோட்டப் பாதையில் பாடசாலைக்குப் போகும் பிள்ளையும் இவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். கடிபட்ட பிறகு எழும் முதல் கேள்வி, "யாருடைய நாய்?" என்பது. பல தடவை அதற்கு எவரும் வாய் திறப்பதில்லை. நாய்க்கடியைத் தடுக்க நினைக்கும் சட்டம் எந்தச் சாதி நாய் என்று பார்ப்பதற்கு முன், யாருடைய நாய் என்ற இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த விடையைத் தேடும் சட்டம் இலங்கையில் இல்லாமல் இல்லை. 1893ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டமும், 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்களைப் பதிவுசெய்தல் கட்டளைச் சட்டமும் இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. முதலாவது சட்டம் விசர் பரவாமல் தடுக்க வந்தது. இரண்டாவது சட்டம், நாய் வளர்ப்பவர் ஆண்டுதோறும் தமது உள்ளூராட்சி மன்றத்தில் அந்த நாயைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஆனால் இரண்டும் தேயிலைக்காடுகளில் வெள்ளைக்காரத் துரைமார் ஆட்சி செய்த காலத்தில் எழுதப்பட்டவை. விசர் பிடித்ததாகச் சந்தேகிக்கப்படும் நாயை என்ன செய்வது என்று அவை சொல்கின்றன. விசர் இல்லை, ஆனால் மூர்க்கமானது, ஏற்கனவே இரண்டு பேரைக் கடித்தது, உரிமையாளரோ கட்டுவதில்லை: இப்படிப்பட்ட நாயைப் படிப்படியாகக் கட்டுப்படுத்துவதற்கு அவற்றில் தெளிவான வழி இல்லை. தண்டனைச் சட்டக் கோவையின் கீழ் பொலிஸில் முறையிடலாம், நட்டஈடு கேட்டு நீதிமன்றம் போகலாம். இரண்டுமே கடி விழுந்த பிறகு செய்யும் காரியங்கள். நாட்சம்பளக்காரருக்கு இரண்டாவது வழி எட்டாத உயரத்தில் இருக்கிறது.

தோட்டங்களைப் பொறுத்தவரை இந்தச் சட்டங்கள் இன்னும் ஒரு படி தள்ளியே நின்றன. பதிவு செய்யும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றத்துக்கு உரியது. உள்ளூராட்சி மன்றமோ தோட்டத்தின் எல்லையில் நின்றுவிட்டது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்த மக்களுக்கு அந்தச் சபை ஒரு பாதையைக்கூடத் தடையின்றிப் போட்டுத்தர முடியவில்லை. நீண்ட போராட்டத்தின் பின்னர் 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில்தான் பழைய அம்பகமுவ பிரதேச சபை மூன்றாகப் பிரிந்து, மஸ்கெலியாவுக்குத் தனியான சபை இயங்கத் தொடங்கியது. இந்தத் திருத்தத்தைப் பாதை, குடிநீர், மயானம் ஆகியவற்றோடு மட்டும் இணைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. நாய்ப் பதிவும், நாய்களுக்கான தடுப்பூசியும், கழிவு அகற்றலும் இதே வாசல் வழியாகவே லயன்களுக்கு வர வேண்டியவை. தடை நீங்கி ஆண்டுகள் பல ஆன பிறகும் அவை வந்து சேரவில்லை என்றால், பழைய சட்டத்தின் மேல் பழி போட இனி இடமில்லை.

ஒரு நாய்க்கடிக்காக இவ்வளவு பேச வேண்டுமா என்று கேட்பவர்கள் அந்தக் கடியின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றுவதும், கடிபட்டவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாக ஊசி போடுவதும் பரவியதால் அந்த எண்ணிக்கை அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. பெரிய சாதனைதான். ஆனாலும் நோய்க்குறி தோன்றிய பின் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லாத நோய் இது. உலக அளவில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இதற்குப் பலியாவதாகவும், அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. உயிர் தப்பினாலும் செலவு நிற்பதில்லை. நல்லதண்ணியைச் சேர்ந்த ஒரு கொழுந்து பறிக்கும் பெண் ஊசிக்காக மஸ்கெலியாவுக்கோ டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ பஸ் ஏற வேண்டும். அதுவும் ஒரு தடவை அல்ல. ஊசி இலவசம், போன நாளின் சம்பளம் இலவசம் அல்ல. அடிப்படை நாட்சம்பளத்தில் அரைப் பேர் போனாலே அந்த வீட்டின் வாரக்கணக்கு ஆட்டம் காணும்.

அப்படியானால் எல்லா நாய்களையும் பிடித்துக் கொன்றுவிடலாமே என்ற குரல் ஒவ்வொரு பெரிய கடிக்குப் பிறகும் எழுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த, அல்லது பறிகொடுக்க இருந்த ஒருவரின் வாயிலிருந்து அது வரும்போது அதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் இந்த வழி இலங்கையில் பல பத்தாண்டுகள் சோதித்துப் பார்க்கப்பட்டது. நாய் பிடிக்கும் வண்டிகளை நம் பெற்றோர் தலைமுறை நன்றாக அறியும். நாய்களைக் கொல்ல வேண்டாம் என்ற கொள்கை 2006இல் அரசாங்கத்தால் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு விசரால் நேரும் மரணம் ஏறவில்லை, இறங்கியது. காரணம் எளிமையானது. ஓரிடத்திலுள்ள நாய்களைக் கொன்றால், அங்கே கிடக்கும் குப்பையும் எச்சிலும் பக்கத்து இடத்து நாய்களை அழைத்து வருகின்றன. கொல்லப்பட்டவற்றில் தடுப்பூசி ஏற்றப்பட்டவையும் அடங்கும்; புதிதாக வருபவை ஏற்றப்படாதவை. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி ஏற்றினால் விசரின் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. கொலை அந்த எழுபதைக் குறைத்துக்கொண்டே போகிறது. எல்லாவற்றையும் காப்பகத்தில் அடைக்கலாம் என்ற யோசனைக்கும் இந்தியாவில் அண்மையில் பெரும் சோதனை நேர்ந்தது. 2025 ஆகஸ்ட் 11ஆம் திகதி, டில்லித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களுக்கு மாற்றுமாறு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதினொரு நாட்களிலேயே வேறொரு அமர்வு அதை மாற்றியது: கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும், விசர் பிடித்தவையும் மூர்க்கமானவையும் மட்டும் விடப்படக் கூடாது. ஒரு தலைநகரத்துக்கே இயலாத காப்பகத்தை ஒரு மலையகப் பிரதேச சபையிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

அடுத்த யோசனை, ஆபத்தான இனங்களைத் தடை செய்வது. பிட்புல், ஜப்பானிய டோசா, டோகோ ஆர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலெய்ரோ போன்ற இனங்களை இலங்கைக்குள் கொண்டுவருவதற்கு இறக்குமதி விதிகளில் தடை இருக்கிறது. பிரித்தானியா 1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டத்தின் கீழ் இதே நான்கு இனங்களையும் பெயர் குறிப்பிட்டுத் தடுத்தது. ஆயினும் இங்கிலாந்தில் நாய்க்கடியால் வைத்தியசாலையில் சேர்க்கப்படுவோரின் வீதம் 1998க்கும் 2018க்கும் இடையில் இரண்டு மடங்கைத் தாண்டியது. பின்னர் எக்ஸ்எல் புல்லி என்ற புதிய வகை வந்து ஆட்களைக் கொன்றது. அதையும் பட்டியலில் சேர்த்து, 2024 பெப்ரவரி முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதைக் குற்றமாக்கினார்கள். நெதர்லாந்து 1993இல் பிட்புல்லைத் தடை செய்தது. கடிகள் குறையவில்லை என்று கண்டு 2008இல் அந்தத் தடையைக் கைவிட்டது. சென்னை நுங்கம்பாக்கத்துப் பூங்காவில் 2024 மே மாதம் இரண்டு ரொட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய சம்பவம் தமிழ் உலகையே உலுக்கியது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே இந்திய மத்திய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. உரியவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்துச் செய்தது. பட்டியல் நீள்வதும் சுருங்குவதுமாகவே காலம் போயிற்று. பூங்காவில் வாய்மூடி இல்லாமல் அவிழ்த்துவிட்டது யார் என்ற கேள்விதான் அந்தச் சிறுமியின் விடயத்தில் முக்கியமானது.

இனம் ஒரு பொருட்டே அல்ல என்று இதற்கு அர்த்தமில்லை. தாடை வலிமை மிகுந்த பெரிய நாய் கடித்தால் காயம் பெரிது. சின்ன நாய் கடித்தால் தையலோடு போகலாம். ஆகவே இறக்குமதித் தடை இருக்கட்டும். ஆனால் லயன் முற்றத்தில் பிட்புல் இல்லை. அங்கே கடிப்பது பெயரே இல்லாத நாட்டு நாய். அதைக் கடிக்க வைப்பது பசி, குட்டி போட்ட பயம், இனச்சேர்க்கைக் காலத்துக் கூட்டச் சண்டை, கல்லெறிந்து வளர்த்த வெறுப்பு, அல்லது காவலுக்கென்று வேண்டுமென்றே மூர்க்கமாக்கிய வளர்ப்பு. இவை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மனிதர், அல்லது மனிதர்கள் செய்யத் தவறிய ஒரு வேலை நிற்கிறது. இனப் பட்டியல் இவற்றில் ஒன்றையும் தொடாது.

ஸ்கொட்லாந்தில் 2010இல் இயற்றிய நாய்க் கட்டுப்பாட்டுச் சட்டம் நமக்குப் பயன்படக்கூடிய முன்மாதிரி. அது நாயின் இனத்தைக் கேட்பதில்லை, நடத்தையைக் கேட்கிறது. ஒரு நாய் கட்டுக்கடங்காமல் பயமுறுத்துகிறது என்று முறைப்பாடு வந்தால் உள்ளூராட்சி மன்ற அதிகாரி விசாரித்து, உரிமையாளருக்கு எழுத்தில் ஓர் அறிவித்தல் கொடுக்கிறார். வெளியே கொண்டுபோகும்போது வார் பூட்ட வேண்டும், வாய்மூடி போட வேண்டும், கருத்தடை செய்ய வேண்டும் என்று அந்த நாய்க்குப் பொருத்தமான நிபந்தனையை அது விதிக்கும். மீறினால்தான் குற்றம். முதல் கடி விழுவதற்கு முன்பே சட்டம் தலையிட இது வழி செய்கிறது. நட்டஈட்டுப் பொறுப்பிலும் நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் உண்டு. இலங்கையின் பொதுச் சட்டத்துக்கும் தென்னாபிரிக்காவின் பொதுச் சட்டத்துக்கும் வேர் ஒன்றுதான்: உரோம டச்சுச் சட்டம். வீட்டு விலங்கு செய்த கேட்டுக்கு, தவறு செய்தாரா இல்லையா என்று பாராமல் உரிமையாளரே பொறுப்பு என்ற பழைய கொள்கை அதில் இருக்கிறது. தெருவில் நடந்து போனவரை மூன்று நாய்கள் தாக்கி அவர் ஒரு கையை இழந்த வழக்கில், அந்நியர் யாரோ படலையைத் திறந்துவிட்டிருக்கலாம் என்ற வாதத்தைத் தள்ளி, தென்னாபிரிக்க உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் உரிமையாளரையே பொறுப்பாக்கியது. ஆபத்தைத் தன் நன்மைக்காக வளர்ப்பவர் அதன் சுமையையும் ஏற்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஒழுங்கான நடைமுறை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் முல்லைத்தீவு மாவட்டத்தின் மாங்குளம் பகுதியில், ஆட்டைக் கடித்ததாகச் சொல்லப்பட்ட ஒரு நாய் பற்றிய பிணக்கு இணக்க சபைக்குப் போனது. நாய் ஆட்டின் சொந்தக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. பிறகு தூக்கில் தொங்கவிடப்பட்டது. படம் பரவியதும் ஒரு பெண் கைது செய்யப்பட்டார். ஆட்டை இழந்தவருக்கு நீதி கிடைத்ததா? நாய் வளர்த்தவர் தன் கடமையைக் கற்றுக்கொண்டாரா? இரண்டும் நடக்கவில்லை. நடந்தது ஒரு கொடுமையும் ஒரு கைதும். மிருகவதைக்கு உச்சத் தண்டமாக நூறு ரூபா குறித்த 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒரு பக்கம். நாய் செய்த சேதத்தை எப்படி அளப்பது, எப்படி ஈடுசெய்வது என்று சொல்லாத மௌனம் இன்னொரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் பழிவாங்கல்தான் முளைக்கும். நாயின் உரிமையாளரைப் பொறுப்பாக்கும் சட்டம் மனிதரைக் காக்கிறது, நாயையும் காக்கிறது.

இனி, தோட்டத்திலிருந்தே எழக்கூடிய நியாயமான ஆட்சேபங்களுக்கு வருவோம். நாய் இல்லாமல் லயனில் இருக்க முடியாது என்பார்கள், அது உண்மை. காட்டுப்பன்றி மரக்கறித் தோட்டத்தை உழுதுவிடும்; இரவில் ஆள் நடமாட்டம் தெரிய வேண்டும். ஆனால் அவிழ்த்துவிட்ட நாய் இன்னொரு ஆபத்தையும் அழைத்து வருகிறது. மலையகத்துச் சிறுத்தைக்கு லயனோரத்து நாய் எளிதான இரை. சிறுத்தை குடியிருப்பை நெருங்க நெருங்க, பயமும் கண்ணியும் பெருகும். 2020 மே மாதம் நல்லதண்ணி வாழமலைப் பகுதியில் கம்பிக் கண்ணியில் சிக்கி, சில நாட்களில் உடவளவையில் இறந்த கருஞ்சிறுத்தையை நாடே அறிந்தது. அந்தக் கண்ணி எதற்காக வைக்கப்பட்டிருந்தாலும், மனிதரும் காட்டுவிலங்கும் எவ்வளவு நெருக்கமாக அங்கே வாழ்கிறார்கள் என்பதை அது காட்டியது. இரவில் நாயைக் கூட்டுக்குள் அடைப்பது பிள்ளைக்கும் நாய்க்கும் சிறுத்தைக்கும் ஒருசேர நல்லது. கூட்டிலிருந்தாலும் நாய் குரைத்து எழுப்பத் தவறாது.

நகரத்துச் சட்டத்தை அப்படியே தூக்கி வந்து லயனில் வைக்க முடியாது என்பதும் சரியான ஆட்சேபம்தான். மதில் கட்டிப் படலை போட்ட வளவுக்குள் நாயை வைக்க வேண்டும் என்று எழுதினால், காம்பராவுக்குக் காம்பரா சுவர் ஒட்டிய லயனில் அது யாராலும் நிறைவேற்ற முடியாத விதி. அந்த நிலமும் பெரும்பாலானோருக்கு உறுதியோடு சொந்தமில்லை. தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. ஆகவே பொறுப்பை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வளர்க்கும் குடும்பம் பதிவுக்கும் தடுப்பூசிக்கும் கட்டி வைப்பதற்கும் பொறுப்பு. லயன்களின் பின்னால் கூடு வைக்க இடம் ஒதுக்குவதற்கும், குப்பையை அகற்றுவதற்கும், எவரும் உரிமை கோராத நாய்களைக் கருத்தடைக்கு ஒப்படைப்பதற்கும் தோட்ட நிர்வாகம் பொறுப்பு. பருவகாலக் கடைகளுக்கு அனுமதி வழங்கும்போது எச்சிலை மூடிய தொட்டியில் போட வேண்டும் என்ற நிபந்தனையைச் சபை சேர்க்கலாம். ஏழைகள் மேல் இன்னொரு கட்டணம் சுமத்துவதா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு: கருத்தடை செய்த நாய்க்குப் பதிவு இலவசமாகட்டும். நாய்களுக்கான விசர்த் தடுப்பூசியை அரசாங்கம் ஏற்கனவே இலவசமாகவே ஏற்றுகிறது.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தூங்கிய பதிவுச் சட்டத்தை இப்போது யார் எழுப்புவது என்ற சந்தேகமே எல்லாவற்றிலும் வலுவானது. ஆளணி இல்லை, வாகனம் இல்லை, நிதி இல்லை என்று சபை சொல்லும். ஆனால் இதற்குப் புதிய திணைக்களம் தேவையில்லை. தடுப்பூசி ஏற்றும் நாளன்று பிரதேச சபையின் எழுதுவினைஞர் ஒருவர் அதே இடத்தில் பதிவேட்டோடு உட்கார்ந்தால் போதும். ஊசியும் பதிவும் கழுத்துப்பட்டியும் ஒரே வரிசையில் முடிந்துவிடும். தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தருக்கு எந்த வீட்டில் எத்தனை நாய் என்று தெரியும். முறைப்பாட்டை விசாரிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் மிருக வைத்தியரும் சபை உறுப்பினர் ஒருவரும் சேர்ந்த சிறு குழு போதும். முதல் முறைப்பாட்டுக்கு எழுத்தில் எச்சரிக்கை, இரண்டாவதுக்குக் கட்டி வைக்கும் கட்டளையும் கருத்தடையும், மீறினால் தண்டமும் கடிபட்டவரின் பஸ் செலவும் இழந்த சம்பளமும். மூர்க்கம் தீராத நாயை மிருக வைத்தியரின் தீர்ப்பின்படி மட்டுமே அகற்றலாம். கயிறோ, நஞ்சோ, பொல்லோ எவர் கையிலும் இருக்கக் கூடாது. இவ்வளவையும் துணைவிதியாக்கும் அதிகாரம் பிரதேச சபைக்கு உண்டு.

துணைவிதி வரும்வரை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் காயத்தை உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ கோப்பித்தூளோ அப்பாமல், அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். சம்பளம் போகுமே என்று ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த தடவை வாக்குக் கேட்டோ குறை கேட்டோ சபை உறுப்பினர் லயனுக்கு வரும்போது, பாதையையும் தண்ணீரையும் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: நாய்ப் பதிவு எப்போது தொடங்கும், தடுப்பூசி நாள் எப்போது, துணைவிதி எங்கே? தோட்டத்துப் பிள்ளை பாடசாலைக்குப் பயமில்லாமல் நடந்து போவது பிரதேச சபையின் கடமை. 2018க்குப் பிறகு அந்தக் கடமையைத் தட்டிக்கழிக்கச் சட்டத்தில் காரணம் எதுவும் இல்லை.